நாபாமும் ஒரு சிகரெட்டும்

ஹாரூன் ஃபரோக்கியின் 'அணைக்க முடியாத நெருப்பு' படத்தை மூன்றாவது தடவையா பார்த்தேன். 1969ல் வந்த ஜெர்மன் படம். கறுப்பு வெள்ளை, மொத்தமே 25 நிமிஷம். பெரும்பகுதி நடிகர்களை வைத்து எடுத்தது, இது எப்படி ஆவணப்படம் ஆகும்னு சிலர் கேட்கலாம். நான் ஆவணப்படம்னுதான் சொல்வேன். காரணம் கீழே.

படம் ஒரு மேஜையில் தொடங்குகிறது. கோட் போட்ட இளைஞர் ஒருவர், ஃபரோக்கியேதான், ஒரு வியட்நாம்காரர் கொடுத்த சாட்சியத்தை வாசிக்கிறார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது விமானச் சத்தம், பிறகு நாபாம், பிறகு 13 நாள் நினைவில்லை. வாசித்து முடித்ததும் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். காயங்களைக் காட்டினால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள், முதலில் படத்துக்கு, அப்புறம் நினைவுக்கு, அப்புறம் உண்மைகளுக்கு, கடைசியில் அவற்றுக்கு இடையேயுள்ள தொடர்புகளுக்கும் என்கிறார். எரியும் சிகரெட்டை எடுத்துத் தன் முன்கையிலேயே அழுத்தி அணைக்கிறார். சிகரெட் 400 டிகிரி, நாபாம் 3000 டிகிரி என்கிறது பின்னணிக் குரல்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தக் காட்சியில்தான் நின்றுவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் உறுத்தல். 3000 என்பது தவறான எண். நாபாம் எரிவது ஏறக்குறைய 800 முதல் 1200 டிகிரி வெப்பத்தில். சிகரெட் முனையே புகையை இழுக்கும் நொடியில் 900 டிகிரி பக்கம் போய்விடும். அப்படியென்றால் அந்த ஒப்பீட்டில் என்ன மிஞ்சுது? அரசு சொல்லும் கதையை மறுக்க வந்த படம் தன் எண்ணைச் சரிபார்க்க வேண்டாமா?

சின்னத் தப்புதானே என்று விட முடியவில்லை. நாபாமின் கொடுமை அதன் வெப்பநிலையில் மட்டும் இல்லை, அது ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. தட்டிவிட முடியாது, தேய்த்தால் பரவும், நிமிஷக்கணக்கில் எரியும். 1942ல் ஹார்வர்டில் லூயி ஃபீசர் குழு உருவாக்கியது பழைய வகை. வியட்நாமில் பெருமளவு போட்டது நாபாம்-பி. பெட்ரோல், பென்சீன், கூடவே பாலிஸ்டைரீன். அந்தக் கடைசிப் பொருள்தான் பசை. டீ கப்பு, பேக்கிங் அட்டை செய்கிற அதே பிளாஸ்டிக்! அதை நன்றாகத் தயாரிக்கத் தெரிந்த கம்பெனி மிச்சிகன் மாநிலம் மிட்லாண்டில் இருந்த டவ் கெமிக்கல். 1965ல் ஒப்பந்தம் அவர்களுக்குப் போனது.

படத்தின் இரண்டாம் பாதி காட்டுவது இதைத்தான். ஆய்வகம், நடைபாதை, அலுவலகம். நடிப்பு மரக்கட்டை மாதிரி. வேணும்னே அப்படி. ஒருவர் வேதியியல் கணக்கைப் பார்க்கிறார், இன்னொருவர் ஒட்டும் தன்மையைக் கூட்டுகிறார். வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதால் தான் செய்வது என்ன என்று யாருக்கும் முழுசாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. இதில் யாரும் பொய் சொல்வதில்லை. டவ் நிறுவனமும் அப்போது சொன்னது, நாங்கள் அரசுக்குச் சரக்கு கொடுப்பவர்கள், போர்க் கொள்கை எங்கள் வேலையில்லை என்றுதான். தனியாக எடுத்தால் உண்மையான வாக்கியம். இப்படி ஒரு வாக்கியத்தை எதிர்க்க ரகசிய ஆவணம் ஒன்றும் வேண்டாம், துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அதைச் செய்வதால்தான் இதை ஆவணப்படம் என்கிறேன்.

நமக்கு இந்த மாதிரி வாக்கியம் பழக்கம்தான். 2001ல் யூனியன் கார்பைடை வாங்கியது இதே டவ். போபால் ஆலையை நாங்கள் ஒருநாளும் நடத்தவில்லை என்பது அவர்கள் பதில். அதுவும் உண்மைதான், பாருங்க. (ஃபரோக்கியின் அப்பா இந்திய மருத்துவர் என்பது தனிக் கதை.)

ஒப்பிட, பீட்டர் டேவிஸின் 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' (1974) ஆஸ்கார் வாங்கிய படம். கீழை நாட்டுக்காரர்கள் உயிரைப் பெரிதாக மதிப்பதில்லை என்று ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட் பேசுவதையும், வியட்நாமில் ஒரு சவ அடக்கத்தில் குடும்பம் கதறுவதையும் ஒட்டிக் காட்டும். வலுவான வெட்டு. ஆனா அங்கே ஒரு கெட்டவன் கிடைத்துவிடுகிறான், நாம் நிம்மதியாகக் கோபப்படலாம். ஃபரோக்கி அந்த வசதியைத் தருவதில்லை.

முடிவில் ஒரே ஆள் மூன்று வேஷத்தில் வருகிறார். தூசு உறிஞ்சும் கருவி செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளி. வீட்டுக்கு ஒரு கருவி வேண்டும் என்று தினம் ஒரு பாகம் எடுத்து வந்து பூட்டினால் துப்பாக்கி ஆகிறது. அடுத்து மாணவர், அங்கே போர்ச்சுகலுக்குத் துப்பாக்கி செய்கிறார்கள் என்று நிரூபிக்கப் பாகங்களைத் திருடினால் தூசு உறிஞ்சும் கருவிதான் வருகிறது. மூன்றாவதாக எஞ்சினியர், இது அதுவாகலாம், அது இதுவாகலாம், என்ன செய்வது என்பது தொழிலாளர், மாணவர், எஞ்சினியர் கையில் என்கிறார். முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் டவ்வுக்கு எதிராகப் பெரிய போராட்டங்கள் நடந்தன. 1967 அக்டோபரில் மாடிசனில் மாணவர்கள் மண்டை உடைய அடி வாங்கினார்கள். படம் வந்த அதே 1969ல் டவ் நாபாம் தயாரிப்பை நிறுத்தியது. டெண்டர் இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். டிராங் பாங் சாலையில் உடம்பு வெந்து ஓடிவரும் அந்தச் சிறுமியின் புகைப்படம் எடுக்கப்பட்டது 1972 ஜூன் 8ல்.