கூலிக்கொலைஞனின் மௌனமும் பண்ணைப்புரத்து நாதமும்

'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' 2013 செப்டம்பரில் வெளிவந்த நாள் முதலாக அப்படத்தைப் பற்றி ரசிகர்கள் சொல்லிவரும் அபிப்பிராயங்களை, கம்பத்துத் தேநீர்க்கடைகளில் காதில் விழுந்தவையும் தேனி நண்பர்களின் வாக்குவாதத்தில் பிறந்தவையுமாகப் பலவற்றை, நான் வெகுகாலமாக மனத்தில் நிறுத்துப் பார்த்து வந்திருக்கிறேன். ஒருவர் அதன் இரவைப் புகழ்வார். ஒருவர் வாகன நிறுத்தத்தில் நடக்கும் இறுதி மோதலைச் சிலாகிப்பார். மற்றொருவர், கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓநாய் என்ற கூலிக்கொலைஞன் தன் பாவத்தை விலங்குக் கதையாக்கிச் சொல்கையில் காமிரா அவன் முகத்தை விட்டு அகலாமல் நிற்பதை எடுத்துக்காட்டி, படத்தை இயக்கி ஓநாயாகவும் நடித்த மிஷ்கின் நடிகரா இயக்குநரா என்ற பழைய விவாதத்தைப் புதுப்பிப்பார். இவையெல்லாம் நியாயமான புகழ்ச்சிகளே. ஆனால் அப்படத்தின் பிராணன் இளையராஜாவின் இசையில் இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லத் துணிகிறவர்களை நான் அபூர்வமாகவே சந்தித்திருக்கிறேன்.

பாட்டே இல்லாத படம் அது. 1954-இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தபோது தொடங்கிய அந்தத் துணிச்சல், நடுவில் எத்தனையோ வருஷங்கள் உறங்கிக் கிடந்து, அவ்வப்போது விழித்துக்கொண்டு வந்திருக்கிறது. மிஷ்கினோ, பாட்டை நீக்கியதோடு நில்லாமல், பெயர்ப் பட்டியலில் பின்னணி இசை என்பதற்குப் பதிலாக முன்னணி இசை என்றே இளையராஜாவின் பெயரைப் போட்டார். கூலிக்குப் பதினான்கு உயிர்களை எடுத்தவன், கைதவறி ஒரு நிரபராதியையும் கொன்றுவிட்டு, அந்தப் பிள்ளையை இழந்த பார்வையற்ற குடும்பத்துக்குத் தானே காவலாக நின்று ஊரெல்லாம் ஓடுகிறான்; அப்படிப்பட்டவன் பேசத் தொடங்கினால் என்ன பேசுவான்? மன்னிப்பு என்று சொன்னால் பொய்யாகிவிடும், பச்சாத்தாபம் என்று சொன்னால் நாடகமாகிவிடும். ஆகவே அந்த ஒரு விலங்குக் கதையைத் தவிர அவன் வாயை இயக்குநர் கட்டிவிட்டார். அவன் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் தந்தி வாத்தியங்களிடம் ஒப்படைத்துவிட்டார்.

இசை மிகுதி, காட்சியை மூடிக்கொண்டு நிற்கிறது என்று குறை சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவர்களில் சிலர் என்னைவிட நுட்பமான செவி உடையவர்கள் என்பதால், அக்குறையை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. மற்றொரு படமாக இருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து அதே புகாரைச் சொல்லியிருப்பேன். இங்கே அவர்கள் இசையாக எண்ணுவது வசனம். அந்த வசனத்தைக் குறைத்தால், ஓநாய் வெறும் துப்பாக்கி ஏந்திய ஓர் உருவமாகத் திரையில் ஓடிக்கொண்டிருப்பான். தனி ஆல்பமாக வெளிவந்த அந்த இசையில் 'ஐ கில்ட் ஆன் ஏஞ்சல்' என்று பெயரிட்ட பகுதியைப் படத்தை மறந்துவிட்டுக் கேட்டாலும், கொலை செய்தவனுடைய நெஞ்சுக்குள் உட்கார்ந்து கேட்பதாகவே தோன்றுகிறது. துரத்தலும் சூடும் நிறைந்த கதையில் அந்த இசை ஒருபோதும் கொலையின் பக்கம் நின்று ஆர்ப்பரிப்பதில்லை. எப்போதும் இழந்தவர்கள் பக்கமே நிற்கிறது. இதுதான் எனக்கு அதன் பெரிய விசேஷம்.

ஹாங்காங்கின் ஜான் வூ 1989-இல் எடுத்த 'தி கில்லர்' படத்தை அறிந்த நண்பர் ஒருவர், கூலிக்கொலைஞன், அவனால் கேடு அடைந்தவருடைய பார்வையின்மை, பிராயச்சித்தம் ஆகிய மூன்றும் அதிலேயே இருக்கின்றனவே என்று என்னிடம் வாதாடினார். இருக்கின்றன, தன் துப்பாக்கியால் கண்ணொளி இழந்த பாடகிக்காக அந்தக் கொலைஞன் கடைசியாக ஒரு வேலையை ஒப்புக்கொள்கிறான். ஆயினும் அங்கே சௌ யுன் ஃபாட் துப்பாக்கி தூக்கும்போதெல்லாம் ஒரு சௌந்தரியம் கூடவே வந்து நம்மை மயக்குகிறது, கொலைத் தொழிலே ஒரு நளினமாகிவிடுகிறது. மிஷ்கினின் ஓநாய் குண்டடிபட்டுத் தெருவில் கிடப்பவனாகவே அறிமுகமாகிறான். எந்த மருத்துவமனையும் ஏற்காத அந்த உடம்பை ஒரு மருத்துவ மாணவன் வீட்டுக்குத் தூக்கிச் சென்று அறுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. மயங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

'ஆரண்ய காண்டம்' கட்சிக்காரர்களோடும் எனக்கு நீண்ட வழக்கு உண்டு. 2011-இல் வந்த அப்படத்துக்கு இளையராஜாவின் மகன் யுவன் சங்கர் ராஜா செய்தது அசாதாரணமான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மகனுடைய இசை உலகத்தின் கொடுமையை அருகில் நின்று வேடிக்கை பார்க்கிறது. தகப்பனுடைய இசை அந்தக் கொடுமைக்காக அழுகிறது. வேடிக்கை பார்ப்பதையே உயர்ந்த கலை என்று கருதும் தலைமுறைக்கு முன்னதே இனிக்கும். எனக்கு அப்படி இல்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களோடுதான் உள்ளபடியே எனக்கு மனத்தாங்கல். 1976-இல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' பாட்டுகள் வானொலியில் வந்தபோது, உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்ட பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்த பையன்தான் இப்படி ஆகிவிட்டான் என்று அவர்கள் பெருமைப்பட்ட பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அது அங்கேயே நின்றுவிட்டது. நம் ஊர் மண்ணும் வயலும் இருக்கும் பாட்டே ராஜாவின் பாட்டு, வயலின்களும் செல்லோக்களும் கூடி முழங்குவதெல்லாம் பட்டணத்தாருக்கு என்று ஒரு பிரிவினையை நாமே செய்து வைத்திருக்கிறோம். அல்லிநகரத்துப் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் சேர்ந்து 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்' தந்தபோது, அந்தக் கொலைகாரனின் கதையில் நம்மை நடுங்க வைத்த இசை எந்த வயலிலிருந்து வந்தது? முப்பத்தைந்து வருஷம் கழித்து, அதே மனிதர் மீண்டும் ஒரு கொலைகாரனுக்கு இசை அமைக்க உட்கார்ந்தபோது, பயத்தின் இடத்தில் கருணை வந்து அமர்ந்துகொண்டது. அந்த மாற்றத்தில் ஒரு கலைஞனின் ஆயுள் முழுவதும் தெரிகிறது என்பதை நம் ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்று வருகிற படங்களில் கூலிப்படைக்காரன் கதவைத் திறந்துகொண்டு நுழையும்போதே பேரிகை இடிக்கிறது. கழுத்தை அறுக்கும் தருணத்தில் அரங்கம் விசிலடிக்க வேண்டும் என்பதற்காகவே தாளம் அமைக்கப்படுகிறது. அந்தத் தாளத்தை மட்டும் அரை நிமிஷத் துண்டாக நறுக்கிக் கைப்பேசியில் கேட்டுவிட்டு, படத்தின் இசையைக் கேட்டதாக இளைஞர்கள் நம்புகிறார்கள். செத்தவனுக்கு ஒரு தாய் இருப்பாள் என்ற பிரக்ஞை அந்த ஒலியில் எங்கும் இல்லை. கொலையைக் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலைக்குப் பின் வரும் மௌனத்தையும் இசையமைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறேன்.

விமர்சகர்கள் கொண்டாடியும் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' அரங்குகளில் நிலைக்கவில்லை. இயக்குநரே சுவரொட்டி ஒட்டப் புறப்பட்ட நிலைமையும் வந்தது. ஆகையால் அதைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் நம் ஜில்லாவில் சொற்பமே. தேனியிலோ கம்பத்திலோ திரையரங்கம் நடத்துகிறவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நல்ல ஒலிபெருக்கிகளை வைத்து, இடைவேளை விளம்பரங்களைக் குறைத்து, ஓர் இரவுக் காட்சியாவது இப்படத்தை மீண்டும் திரையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பண்ணைப்புரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கவும் கேட்கவும் ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு.