அடிப்பூச்சை மறந்த அட்டவணை

அழகுக் குறிப்புகள் வெளிவரும் பக்கங்களிலும் ஐ ஷேடோ விற்கும் கடைகளிலும் ஓர் அட்டவணையைக் காண்கிறோம். இடப்பக்கம் கண்ணின் நிறம்; வலப்பக்கம் அதற்கேற்ற இமைப்பூச்சின் நிறம். நீலக் கண்ணுக்குச் செம்பு நிறமும் ஆரஞ்சும், பச்சைக் கண்ணுக்கு ஊதாவும் கத்தரிப்பூ நிறமும், பழுப்புக் கண்ணுக்கு எந்த நிறமும் பொருந்தும் என்பதே அதன் சாரம். "இது வண்ண அறிவியல்" என்று சொல்லியே இதனைத் தருகிறார்கள். அறிவியலின் பெயரால் சொல்லப்படும் எதனையும் உரைத்துப் பார்ப்பது நம் கடமை அன்றோ?

இது அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் ஆலைகளில், விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்கள் பல்லாயிரவர். தம் சொந்தச் சம்பளத்தில் முதன்முதலாகப் பொருள் வாங்குவோர் அவர்களுள் பலர். அவர்களுக்கு இந்த அட்டவணை எந்த அளவுக்கு உதவும் என்பதே நம் கேள்வி.

அட்டவணையில் உள்ள உண்மை

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். இதற்கு அடிப்படையான விதி பொய்யன்று. பாரிசில் இருந்த கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பகுதிக்கு, 1824ஆம் ஆண்டு செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் தலைவரானார். நீலத்திற்கும் ஊதாவிற்கும் இடையே நெய்யப்படும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகார் அவரிடம் வந்தது. அவர் அந்தக் கறுப்பு நூலை மற்றக் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை; பக்கத்தில் இருந்த நிறமே நூலின் தோற்றத்தை மாற்றியது. இதனை விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார்.

இரு நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்று மற்றதன் வேறுபாட்டை மிகுத்துக் காட்டும் என்பதே அவர் கண்ட விதி. நீலத்தின் எதிர் நிறம் ஆரஞ்சு. ஆகவே செம்பு நிறப் பூச்சின் அருகே நீல விழி மேலும் நீலமாகத் தெரியும். இம்மட்டும் அட்டவணை சொல்வது சரியே.

பழுப்புக் கண்ணுக்கு ஒரே வரி

கண்ணின் நிறம் ஐரிஸ் என்னும் படலத்தைப் பொறுத்தது. அதில் உள்ள நிறமி மெலனின். ஐரிசின் முன்பகுதியில் மெலனின் மிகுதியாக இருந்தால் கண் பழுப்பாகத் தெரியும். மிகக் குறைவாக இருந்தால் நீலமாகத் தெரியும். நீலக் கண்ணில் நீல நிறமி எதுவும் இல்லை! வானத்து நீலத்தைப் போலவே அதுவும் ஒளிச்சிதறலால் தோன்றுவது.

தமிழகத்தில் மிகப் பெரும்பாலோருடைய கண் பழுப்பு. அட்டவணையின் மற்ற வரிகளால் அவர்களுக்குப் பயன் இல்லை. மீதி நிற்பது "எந்த நிறமும் பொருந்தும்" என்ற ஒற்றை வரி. எதனையும் அனுமதிக்கும் விதி ஒரு விதியாகுமா? வெளிறிய கண்கள் மிகுந்த நாடுகளுக்கு எழுதப்பட்ட குறிப்பை நம் ஊருக்கு அப்படியே இறக்கியதன் விளைவு இது.

சில அட்டவணைகள் பழுப்புக்கு நீலத்தைச் சிபாரிசு செய்கின்றன. பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சே ஆதலால் கணக்கு சரிதான். ஆனால் அடர்ந்த பழுப்பு விழி மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகிறது. இரண்டடி தள்ளி நின்றால் அதன் நிறம் தெரிவதில்லை, கருமையே தெரிகிறது. தெரியாத நிறத்தை எதிர் நிறம் எவ்வாறு எடுத்துக் காட்டும்?

வண்டிக்கு வண்ணம் பூசுவோர் அறிந்தது

அட்டவணையின் பெரிய குறை வேறொன்று. ஐ ஷேடோவைப் பூசுவது விழியின் மேலன்று, இமைத் தோலின் மேல். ஐரிசின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான். பூச்சைத் தாங்கி நிற்பதும் அதனைச் சூழ்ந்திருப்பதும் தோலே. அந்தத் தோலைப் பற்றி அட்டவணை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதனை விளங்கிக்கொள்ள இந்தத் தொழிற்பகுதியின் கார் ஆலைகளையே உதாரணமாகக் கொள்ளலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் தன் முதல் காரை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. கார்களில் முத்துப் போல மின்னும் வண்ணங்களைப் பார்த்திருப்பீர்கள். அபிரகத் துகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் படலமாகப் படியவைத்து அந்த மினுமினுப்புப் பொடியைச் செய்கிறார்கள். படலம் மெல்லியதானால் வெள்ளி போல் மின்னும். தடிப்பு ஏற ஏற, பொன், சிவப்பு, நீலம், பச்சை எனத் தோன்றும். சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான்.

மினுமினுப்பு ஐ ஷேடோவிலும் இருப்பது இவ்வகைப் பொடியே. முகத்திற்கு ஏற்ற தூய்மையுடன் தயாரிக்கப்படுகிறது. இதன் குணம் என்னவெனில், அடியில் இருப்பது கருமையானால் இதன் நிறம் அழுத்தமாகத் தெரியும், வெண்மையானால் வெளிறிவிடும். ஊடுருவிச் செல்லும் ஒளியைக் கருமை விழுங்கிவிடுகிறது. வெண்மை திருப்பி அனுப்பி நிறத்தைக் கலைத்துவிடுகிறது. கறுப்புத் தாளிலும் வெள்ளைத் தாளிலும் சிறிது தேய்த்துப் பார்த்தால் மாணவர்கள் இதனை நேரில் காணலாம்.

மினுமினுப்பு இல்லாத வெளிர் நிறப் பூச்சுகளின் கதை இதற்கு நேர் எதிர். அவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மாநிறத் தோலில் சாம்பல் பூத்தது போல் தெரியும். வெளிறிய தோலில் அழகாக இருந்த அதே பெட்டி, நம் தோலில் ஏமாற்றுவது இதனால்தான். குறை தோலில் இல்லை. அந்தத் தோலை மனத்தில் கொள்ளாமல் கலந்த பொடியில் இருக்கிறது.

வண்டிக்கு வண்ணம் பூசுபவர் முதலில் அடிப்பூச்சைப் பார்ப்பார். முகப்பு விளக்கின் நிறத்தைப் பார்த்து வண்டிக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பவர் எவரும் இலர். நம் அட்டவணை செய்வது அந்த வேலையைத்தான்!

கண்மை செய்யும் வேலை

திருக்குறளின் காமத்துப்பாலில் "உண்கண்" என்ற சொல் வருகிறது. மை உண்ட கண் என்பது பொருள். கரிய விழிக்குக் கரிய மை எதற்கு என்று அட்டவணை கேட்கும். அதற்கும் செவ்ரோலின் விதியே பதில். இங்கே வேலை செய்வது நிற வேறுபாடு அன்று, ஒளி-இருள் வேறுபாடு. விழியும் மையும் கருமையாக இருக்க, இடையே உள்ள வெண்விழி மேலும் வெண்மையாகத் தோன்றுகிறது. கண்ணுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒப்பனை மிகுவிக்கிறது என்று ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியல் அறிஞர் 2009இல் அளந்து காட்டினார்.

அட்டவணை கேளாத கேள்வி

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசும் அட்டவணை, அந்த நிறம் எதனால் ஆனது என்று கேட்பதே இல்லை. ஆபத்து இருப்பது அங்கேதான். சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் மைகள் சிலவற்றில் கலீனா என்னும் ஈயச் சல்பைடு உண்டு. கண்ணைத் தேய்த்த கை வாய்க்குப் போகும்போது ஈயமும் உடலுக்குள் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இந்தியாவில் ஒப்பனைப் பொருளுக்கு நிறமூட்ட ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்துவதை விதிகள் தடை செய்கின்றன. விளக்குக் கரியால் வீட்டில் செய்த மையில் ஈயம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பச்சைக் குழந்தையின் கண்ணில் அதனையும் இடலாகாது. தூய்மையற்ற மையும் விரலும் கண்ணுக்கு நோயைக் கொண்டுவரும்.

இனி இந்த அட்டவணையைத் திருத்தி எழுதுவோர் மூன்று கேள்விகளை அதில் சேர்க்கட்டும். என் இமைத் தோலின் மேல் இந்த நிறம் எப்படித் தெரிகிறது? கடையின் விளக்கில் தெரிந்தது பகல் வெளிச்சத்திலும் அப்படியே தெரிகிறதா? தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானங்கள், காலாவதித் தேதி ஆகியவை உறையில் உள்ளனவா? முதல் இரண்டிற்கும் கையில் ஒரு கண்ணாடியும் சன்னல் ஓரமும் போதும். மூன்றாவதற்கு வேண்டியது எழுத்தறிவு மட்டுமே. விழியின் நிறம் என்ன என்ற கேள்வி இவற்றுக்குப் பின்னால் வரட்டும். நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு அது வராமலே போனாலும் நட்டம் ஒன்றும் இல்லை.