தண்ணீர் இறைத்தது யார்?

பல வருஷங்களுக்கு முன்பு, வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதி வந்த தொடர்கதையில் ஒரு புயல் வந்தது. கதாநாயகன் சிறு படகில் நடுக்கடலில் அகப்பட்டுக்கொள்கிறான். அலைகளை மலைகள் என்றேன், காற்றைப் பேய் என்றேன், வானத்தைப் பிளந்தேன். அந்த வாரம் பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. தூத்துக்குடியிலிருந்து ஒரு கார்டும் வந்தது. எழுதியவர் தோணியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். "ஐயா, புயல் ஜோராக இருந்தது. ஆனால் இரண்டு நாளும் அந்தப் படகில் தண்ணீர் இறைத்தது யார்?" என்று கேட்டிருந்தார். கார்டில் வேறொன்றும் இல்லை.

என்னிடம் பதில் இல்லை. என் படகில் தண்ணீரே புகவில்லை. அது கரையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டிய படகு. அன்று முதல் கடலைப் பற்றிய எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். கேள்விக்குத் தாங்கி நிற்கிற புஸ்தகங்கள் குறைவு. அப்படி நிற்கிற இரண்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே படகின் கதை.

முதலாவது, ஷாக்கில்டன் 1919-இல் வெளியிட்ட 'தெற்கு'. இரண்டாவது, அவருடைய கப்பலின் காப்டன் வோர்ஸ்லி எழுதிய 'ஷாக்கில்டனின் படகுப் பிரயாணம்'. சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். தென் துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கி நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேர் மூன்று படகுகளில் 1916 ஏப்ரல் மாதம் எலிஃபண்ட் தீவில் போய் ஒதுங்கினார்கள். அந்த வழியாக யாரும் வரப்போவதில்லை. ஆகவே ஆறு பேர் மட்டும், இருபத்திரண்டரை அடி நீளமுள்ள 'ஜேம்ஸ் கெயர்ட்' என்ற படகில், சுமார் 800 கடல் மைலுக்கு அப்பால் இருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் பாய் விரித்தார்கள். புறப்பட்டது ஏப்ரல் 24. கரை தொட்டது மே 10. உலகத்திலேயே கொடிய கடல் அது.

ஷாக்கில்டனின் புஸ்தகத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லுகிற இடம் ஒன்று உண்டு. மே 5, நள்ளிரவு. சுக்கான் அவர் கையில் இருக்கிறது. தொலைவில் வெளுப்பாக ஒரு கோடு தெரிகிறது. வானம் வெளுக்கிறது என்று நினைக்கிறார். அடுத்த கணம் தெரிகிறது, அது வானம் அல்ல, ஒரு பேரலையின் நுரை முடி. நல்ல இடம்தான். ஆனால் அதில் நான் மதிப்பது அலையை அல்ல. அலை போன பிறகு வருகிற சில வரிகளை. பாதி நிறைந்த படகில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆறு பேரும் தண்ணீரை இறைக்கிறார்கள். தூத்துக்குடிக்காரருக்கு இங்கே பதில் கிடைத்துவிடுகிறது.

என்றாலும் 'தெற்கு' பெரும்பகுதியும் ஒரு தலைவரின் அறிக்கை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, ஒரு பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்ட பகுதிகள் அதில் அதிகம். நிதானமான, நேர்மையான பேச்சு. ஆனால் சபைக்கு முன்னால் நின்று பேசுகிறவரின் பேச்சு. வோர்ஸ்லியோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். அவருக்குத் தொழில் திசை பார்ப்பது. சூரியன் தென்பட்டால்தான் படகு எங்கே இருக்கிறதென்று கணிக்க முடியும். அந்தப் பிரயாணம் முழுவதிலும் சூரியன் அவருக்கு நாலு தடவைதான் முகம் காட்டிற்று. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவர் செக்ஸ்டன்டைத் தூக்குவார். படகு அலையின் உச்சிக்கு ஏறுகிற அந்த ஒரு விநாடியில் தொடுவானத்தை ஊகித்துக் கத்துவார். கீழே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு கணக்கு. கணக்குப் புஸ்தகமோ ஊறிக் கூழாகிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பக்கங்களைக் கிழியாமல் பிரிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் தீவு தப்பும். தீவு தப்பினால், எதிர்க்க முடியாத மேல்காற்று அவர்களை அட்லாண்டிக்கில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். எலிஃபண்ட் தீவில் இருக்கிற 22 பேருக்கும் அதோடு முடிவு. பத்து மைலுக்குள் சரியாகச் சொல்ல முடியாது என்று வோர்ஸ்லி ஒப்புக்கொள்கிறார். ஆகவே தீவின் முனையைச் சுற்றப் பார்க்காமல், மேல்கரை எங்கே தட்டுப்பட்டாலும் சரி என்று தீர்மானிக்கிறார்கள். ஈரப் பக்கத்தைப் பிரிக்கிற அந்த விரல்களில் இருக்கிற பயம், எந்த அலை வருணனையிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. படகில் யாராவது ஒருவர் குளிரால் ஓய்ந்து போவதைக் கண்டால் ஷாக்கில்டன் உடனே எல்லோருக்கும் சூடான பால் போடச் சொல்வாராம். தனக்காகத்தான் என்று அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவன் மனம் விட்டுவிடும். இது வோர்ஸ்லி சொல்வது. ஷாக்கில்டனால் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் அந்தச் செய்கையின் அழகே கெட்டுவிடும். ஒருவனுடைய மிகச் சிறந்த காரியத்தை எழுத இன்னொருவன் வேண்டியிருக்கிறது. தன்வரலாறு என்ற இலக்கிய வகைக்கு உள்ள எல்லை இதுதான்.

அப்படியானால் மற்றவர்களை எழுதியது யார்? இங்கேதான் எனக்கு ஒரு குறை. அந்தப் படகில் மக்நிஷ் என்ற தச்சர் இருந்தார். திறந்த படகு அது. பக்கங்களை உயர்த்தியவர் அவர். சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் வைத்து, மேலே கித்தானை இழுத்துக் கட்டி, ஒரு தளம் போட்டார். அடிமரம் ஒடியாமலிருக்க இன்னொரு படகின் பாய்மரத்தை நீளவாக்கில் முடுக்கினார். பலகை இடுக்குகளுக்கு, நம் கடற்கரையில் கலப்பற்று என்பார்களே அதற்கு, விளக்குத் திரியும், ஓவியர் ஒருவரின் எண்ணெய் வர்ணமும், கடல்நாயின் ரத்தமும்தான் கிடைத்தன. தண்ணீர் இறைத்தவர்கள் ஆறு பேர். இறைத்து மாளும் அளவுக்கு மேல் தண்ணீர் புகாமல் தடுத்தவர் ஒருவர்.

இந்தத் தச்சர் பனியின்மேல் படகுகளை இழுத்துச் சென்ற நாளில் தலைவரோடு மோதியவர். கப்பல் போன பிறகு கப்பல் ஒப்பந்தம் ஏது என்று கேட்டு, இழுக்க மறுத்தார். ஊர் திரும்பிய பிறகு மற்றவர்களுக்குத் துருவப் பதக்கம் கிடைத்தது. நாலு பேருக்கு இல்லை. நால்வரில் மக்நிஷ் ஒருவர். அதே படகில் வந்த வின்சென்ட் இன்னொருவர். ஷாக்கில்டனின் புஸ்தகத்தை மட்டும் வாசிக்கிறவனுக்கு இந்த மனஸ்தாபத்தின் கனம் தெரியாது. வோர்ஸ்லிக்கோ தலைவரிடம் பக்தி. 1959-இல் அமெரிக்கரான லான்சிங், நாட்குறிப்புகளைப் படித்தும் உயிரோடிருந்தவர்களைக் கண்டு பேசியும் எழுதிய புஸ்தகத்தில்தான் தச்சர் ஓரளவு மனுஷராக நடமாடுகிறார். மக்நிஷ் நாட்குறிப்பு வைத்திருந்தார், புஸ்தகம் எழுதவில்லை. 1930-இல் நியூஜிலாந்தில் காலமானார்.

கரை தொட்ட பிறகு மூவர் மட்டும் பனிமலையைக் கடந்து மறுகரைக்கு நடந்தார்கள். வழுக்காமலிருக்க அவர்களுடைய பூட்ஸின் அடியில் திருகாணிகள் பதிக்க வேண்டியிருந்தது. மக்நிஷ் தாம் செப்பனிட்ட அதே படகிலிருந்து திருகாணிகளைக் கழற்றிப் பதித்துக் கொடுத்தார். ஆகஸ்டு 30 அன்று, எலிஃபண்ட் தீவிலிருந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். புஸ்தகங்கள் அந்த மூவரோடு மலையேறிப் போய்விடுகின்றன. நான் இருந்தால் தச்சரோடு அந்தக் கரையில் கொஞ்சம் தங்கியிருப்பேன். நாவலாசிரியனுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

என் தொடர்கதை புஸ்தகமாகப் போனபோது, புயல் அத்தியாயத்தைத் திருத்தப் பார்த்தேன். ஒரு பையனைச் சேர்த்து அவன் கையில் வாளியைக் கொடுத்தேன். சரிப்படவில்லை. வாளியைக் கொடுத்துவிட்டால் போதாது. எந்தப் பலகை இடுக்கில் தண்ணீர் வருகிறது, அதை அடைத்தவன் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். தூத்துக்குடிக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வரவில்லை.