ஒரே பானை

போன பொங்கலுக்கு அலுவலகத் தோழி ஒருவர் தன் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்தார். பழுப்பு நிறக் கெட்டித்தாள், அதன்மேல் வெள்ளைத்தாள், அதற்கும் மேல் இன்னொரு சின்னத்தாள் என மூன்று அடுக்கு. நடுவில் ரப்பர் முத்திரையால் பதித்த பூங்கொத்து. ஒவ்வொரு இதழிலும் இளஞ்சிவப்பு மூன்று படிகளாக அடர்ந்துகொண்டே போகிறது. மூலையில் ஆங்கிலத்தில் பொன்னிற வாழ்த்து, தொட்டால் விரலில் புடைப்பாகத் தட்டுகிறது. ஈரமான மையின் மேல் ஒரு பொடியைத் தூவி, அதற்கென்று விற்கும் சூட்டுக் கருவியைக் காட்டினால் பொடி உருகி அப்படிப் புடைத்து நிற்கும். இரண்டு மணி நேரம் ஆனதாம். "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபட எனக்குச் சில வாரங்கள் ஆயின. இதற்கிடையில் போடிக்குப் போயிருந்தேன். அம்மாவின் பீரோவில், பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில், சித்தி அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள் ஒரு கட்டாகக் கிடந்தன. 1998 முதல் 2014 வரை பதினேழு அட்டைகள். பதினேழிலும் ஒரே பானை.

சித்தி ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனவர். போடிநாயக்கனூரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையில் விளைந்து உலர்ந்து வரும் காயை, கடைகளில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் சொளகில் போட்டுத் தரம் பிரிப்பார்கள். சல்லடை அளவைப் பிரித்துவிடும். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய்க்குத் தனி மதிப்பு. நிறம் வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது எல்லாம் கண்ணும் விரலும் பார்க்க வேண்டியவை. பகல் முழுக்க ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தரம் சொன்ன கை, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் நாற்பது அட்டைகளில் ஒரே பானையைப் பதித்தது.

அந்தப் பானை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெரிய அழிப்பானில் பாதி பிளேடால் வெட்டியது. நாம் அதை ரப்பர் என்று சொல்கிறோமே தவிர, இப்போது கடையில் கிடைக்கும் அழிப்பான்களில் பெரும்பாலானவை வினைல் பிளாஸ்டிக். நிஜ ரப்பர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவின் அடிவாரத்தில் தொடுபுழா, காஞ்சிரப்பள்ளி பக்கமெல்லாம் மரமாக நிற்கிறது. மழை மறைவுப் பக்கமான போடியில் அது வளராது. வினைலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிளாஸ்டிக் டப்பாவில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி இளகிவிடும். பிளாஸ்டிக் ஸ்கேலில் அழிப்பான் ஒட்டிக்கொண்டு தடம் விட்டதைப் பார்த்திருப்பீர்கள். சித்தியின் பானைக்கும் அதுதான் நடந்தது. 2006 வரைக்கும் பானையின் வாய் இரண்டு பக்கமும் கூராக இருக்கிறது. 2007இல் இடது ஓரம் சப்பையாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லா அட்டையிலும் அந்தச் சப்பை உண்டு.

அச்சுக்கலை பார்ப்பவர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு. ஒரே கட்டைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எந்தப் பிரதி முந்தியது, எது பிந்தியது என்பதைக் கட்டையில் தேய்ந்த கோட்டையும் உடைந்த ஓரத்தையும் வைத்துச் சொல்கிறார்கள். அது கைவேலையா இல்லையா என்று யாரும் அங்கே சண்டை போடுவதில்லை. கட்டைக்கு வயதாவதும் படத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டு பார்க்கிறார்கள்.

தோழியின் அட்டையில் எனக்கு உறுத்தியது என்ன என்று இங்கேதான் பிடி கிடைத்தது. அதில் அழுத்திய இடமே தெரியவில்லை. இப்போது இந்தப் பொழுதுபோக்கில் பரவலாக இருப்பவை ஒளி ஊடுருவும் பாலிமர் முத்திரைகள். அவற்றைத் தெளிவான அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொண்டால் எங்கே பதிகிறது என்று மேலிருந்தே பார்க்கலாம். அதற்கும் மேலே, கீல் வைத்த ஒரு கருவி இருக்கிறது. மூடியில் முத்திரை, கீழே தாள். சரியாகப் பதியவில்லையா, மறுபடி மை தடவி மூடினால் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் விழும். அழுத்தம் போதாத இடமெல்லாம் நிரம்பிவிடும். நான் பிழைகளைக் கண்டுபிடித்து நீக்கிச் சம்பளம் வாங்குபவன். இந்தக் கருவியைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்க வேண்டும். பரபரத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்திரம் தரும் துல்லியம்தான் வேண்டுமென்றால் எந்திரத்திடமே கொடுத்துவிடலாமே. எந்திரம் செய்ததுபோலத் தெரிய வேண்டும், ஆனால் கையால் செய்தது என்ற பெயரும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளுக்கு நடுவில் அந்த அட்டை தவிக்கிறது. கைவேலை என்பதை அட்டையின் பின்பக்கம் ஒரு தனி முத்திரை சொல்கிறது. முன்பக்கத்துக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

தோழியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நிஜம். எனக்காக ஒருவர் இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பது சின்ன விஷயமல்ல. என் புகார் அந்தக் கலையின் இன்றைய ரசனை மேல். அது நேரத்தைத் தாளின்மேல் அடுக்கிக் காட்டுகிறது, அழுத்தத்தை மறைக்கிறது.

வாழ்த்து அட்டை பிறந்ததே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குப் பதில் எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஒரு படம் வரையவைத்து, கல்லச்சில் எடுத்து, நிறத்தை மட்டும் கையால் தீட்டவைத்தார். வணிகரீதியான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது அதுதான். ஆக, பாதி எந்திரம் பாதி கை என்ற குழப்பம் இதன் பிறவியிலேயே இருக்கிறது. நம் ஊரில் அந்தக் குழப்பத்தை சிவகாசி தீர்த்து வைத்தது. என் சின்ன வயதில் ஜனவரி பிறந்தால் போடி கடைவீதியில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, காளை, கோலம் போடும் பெண், ரஜினி, கமல், முருகன். ஒற்றை அட்டை மலிவு. மடிக்கிற அட்டை கொஞ்சம் கூட. ஜிகினா ஒட்டினால் அதற்கும் மேல். திறந்தால் பாட்டுப் பாடும் அட்டை வந்தபோது அது பணக்காரச் சொந்தத்துக்கு மட்டும். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதி அனுப்புவோம், தபால்தலைக் காசு குறையும் என்பதற்காக.

இந்த விலைப் படிகள் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாமா வீட்டுக்கு ஜிகினா போனது, சின்ன மாமா வீட்டுக்கு ஒற்றை அட்டை போனது என்றால் தீபாவளி வரைக்கும் பேச்சு ஓடும். ஒருமுறை சித்தியிடம் கேட்டேன், அந்த வயதுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற படம் வெட்டலாமே என்று.

"எல்லாருக்கும் ஒரே பானைதான்டா. ஒருத்தருக்குப் பெருசு ஒருத்தருக்குச் சிறுசுன்னு அடிச்சா, வீட்டுக்கு வர்றவுக அதைத்தான் முதல்ல பேசுவாக."

தனித்துவம் என்று நாம் இன்று எதைக் கொண்டாடுகிறோமோ அதைச் சித்தி வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார். முத்திரை அவருக்குக் கொடுத்தது சமம். பகலில் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று பிரிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வாக இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அவரைக் கேட்டால் சிரிப்பார்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பானை வயலட் நிறம். பொங்கல் பானை எந்த ஊரிலும் வயலட்டாக இருக்காது. கடைக் கணக்குமேசையில் கிடந்து, காய்ந்துபோய்த் தூக்கிப்போட இருந்த ஸ்டாம்ப் பேடை வாங்கி வந்து, மை ஊற்றி உயிர் கொடுத்து வைத்திருந்தார். அலுவலக மை அது. நமக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்றாலே சீல்தான்: பெறப்பட்டது, செலுத்தப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. அந்த வயலட் வட்டம் விழாததால் எத்தனை பேர் எத்தனை முறை திரும்ப நடந்திருக்கிறார்கள். முத்திரையைக் கலையாக எடுத்துக்கொண்டவர்களும் இந்த அதிகாரத்தில்தான் கைவைத்தார்கள். ஓவியர் சால் ஸ்டைன்பெர்க் ருமேனிய யூதர். மிலானில் கட்டடக்கலை படித்தவர். 1941இல் பாசிச இத்தாலியிலிருந்து தப்பும்போது, தானே செய்த ரப்பர் முத்திரையால் கடவுச்சீட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். பின்னாளில் அவர் வரைந்த படங்களில் படிக்க முடியாத கையெழுத்துகளும் எந்த அரசும் வழங்காத முத்திரைகளும் வந்துகொண்டே இருக்கும். சித்திக்கு ஸ்டைன்பெர்க்கைத் தெரியாது. ஆனால் நிராகரிக்கும் மையில் பானை பொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

பானைக்குக் கீழே 'பொங்கல்' என்று எழுத்தும் உண்டு. அழிப்பானில் எழுத்து வெட்டுவது லேசான காரியமில்லை. நேராக வெட்டினால் தாளில் தலைகீழ்க் கண்ணாடியாக விழும். ப எப்படித் திருப்பினாலும் ப. ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும், ங-வின் சுழியை எதிர்ப்பக்கமாக வளைக்க வேண்டும். 1998 அட்டையில் வார்த்தை முழுக்கத் திரும்பித்தான் இருக்கிறது. சித்தி அதைத் தூக்கிப்போடவில்லை, அப்படியே அனுப்பியிருக்கிறார். அடுத்த வருடம் வழி கண்டுபிடித்துவிட்டார்: தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, அதை அழிப்பான்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வெட்ட வேண்டியதுதான்.

அம்மாவின் கட்டில் இல்லாத ஒரு அட்டை உண்டு. அது மலைமேல், சாந்தாம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில் இருக்கும் பெரிய மாமா வீட்டில் இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றியபோது, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் நின்றுபோயின. இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பலர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். மாமா இறங்கவில்லை. போனும் சரியாகக் கிடைக்கவில்லை. அந்த வருடமும் சித்தி வழக்கம்போல நாற்பது அட்டை அடித்தார், வழக்கம்போல மாமாவுக்கும் ஒன்று. பொங்கல் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் அது போய்ச் சேர்ந்தது.

போன மாதம் அதைப் பார்த்தேன். அடுப்புப் புகை படிந்த சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மற்ற எல்லா அட்டைகளையும்விட அதில் பானை அழுத்தமாக விழுந்திருக்கிறது. மை ஓரத்தில் கசிந்து பானையின் கழுத்து அடைத்துப்போயிருக்கிறது. விமர்சகனுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? அந்தக் கசிவில் அண்ணனைப் பற்றிய பதற்றம் முழுதும் இருப்பதாக மனதுக்குள் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். கீழே இறங்கியதும் சித்தியிடம் கேட்டேன்.

"அதுவா? அப்பத்தான்டா பேடுக்குப் புதுசா மை ஊத்துனேன்."

என் பத்தியைக் கிழித்துப் போட்டேன். கைவேலையைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறு இதுதான். ஒவ்வொரு பிசகிலும் ஒரு ஆத்மாவைத் தேடுகிறோம். மாமா அந்த அட்டையை ஏன் சுவரில் ஒட்டினார் என்று அத்தையிடம் முன்பே கேட்டிருந்தேன். உறையைப் பிரித்ததும் "அதே பானைதான்" என்று சொல்லிச் சிரித்தாராம். மலைக்குக் கீழே எதுவும் மாறவில்லை, தான் இன்னும் அந்த நாற்பதில் ஒருவன் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கடிதமும் அவருக்குச் சொல்லியிருக்காது. அந்த வருடத்துக்கென்று தனியாக ஒரு படம் வெட்டி, மூன்று அடுக்குத் தாளில் ஒட்டி அனுப்பியிருந்தால் மாமா நிச்சயம் பயந்திருப்பார்.

கண் மங்கிவிட்டதால் 2014க்குப் பிறகு சித்தி அட்டை அடிக்கவில்லை. இந்த வருடம் நானே ஒரு அழிப்பான் வாங்கி, பிளேடை உடைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு பானை வெட்டினேன். சுமாராகத்தான் வந்தது. அடுப்புக்கல் ஒன்று உடைந்துவிட்டது, ங பார்ப்பதற்கு நு மாதிரி இருக்கிறது. தோழிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துச் சித்தி போன் செய்தார். பேரனை வாசிக்கச் சொல்லி, பானையை விரலால் தடவிப் பார்த்தாராம்.

"மை பத்தலடா" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எல்லாருக்கும் இதேதான அனுப்புன?"

"ஆமா சித்தி. பதினோரு பேருக்கும் இதேதான்."