அம்மாவா, அப்பாவா?

‘குழந்தையும் தெய்வமும்’ படத்தை ஒரு தடவையாவது டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 1965-ல் வந்த ஏவி.எம். படம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. பிரிந்துபோன தம்பதி ஆளுக்கொரு குழந்தையை வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் தற்செயலாகச் சந்தித்து, இடம் மாறி, பெற்றோரைச் சேர்த்துவைக்கிறார்கள். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-ல் எழுதிய கதை, டிஸ்னி வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

குட்டி பத்மினி அசத்தியிருப்பார், சந்தேகமே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. வெண்கலப் பாத்திரங்களைப் பங்கு பிரிப்பதுபோல ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதைப் பற்றிப் படம் பெரிசாய் அலட்டிக்கொள்ளவில்லை. சேர்ந்துவிட்டால் எல்லாம் சரி. சேர்த்துவைக்கிற வேலையும் பிள்ளைகள் தலையில்!

சரி, சேராவிட்டால்? அந்த இடத்தில் நம் சினிமா தடுமாறுகிறது. 2011-ல் வந்த ‘தெய்வத்திருமகள்’ கோர்ட் வரைக்கும் போனது. அம்மா உயிரோடு இல்லை. அப்பாவுக்கும் அம்மா வீட்டாருக்கும் வழக்கு. ஜெயித்த அப்பாவே மகளின் எதிர்காலத்தை நினைத்து அவளை அவர்களிடம் ஒப்படைக்கிறார். தியேட்டரில் கர்ச்சீஃப் நனைந்தது. நல்ல மனசுதான். ஆனால், முடிவு பெரியவருடையது. நிலாவை யார் கேட்டார்கள்?

பங்களாவும் இரட்டையரும் இல்லாத இடத்தில் இந்தக் கதையை வைத்துப் பாருங்கள். விருதுநகர் மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறார். அப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில். ஒத்துப்போகலை, பிரிகிறார்கள். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வாய்தாவுக்குப் போனால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு. கோர்ட் வளாகத்திலேயே அப்பாவைப் பார்க்கச் சொன்னால், ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

குழந்தை உரிமை என்ற வார்த்தையை நாடு உரக்கப் பேசியதே இந்த மண்ணை வைத்துத்தான். சிவகாசியில் பிள்ளைகள் வேலை பார்த்ததை எதிர்த்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழி செய்யணும்; முடியாவிட்டால் 5,000 ரூபாய் போடணும். பிள்ளையின் கைக்கு விடுதலை. அதன் வாய்க்கு?

1956-ம் வருட இந்துக் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்றது. ஐந்து வயது வரை பிள்ளை பொதுவாக அம்மாவிடம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில், 1999-ல், ‘பிறகு’ என்றால் அப்பா செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை என்றது சுப்ரீம் கோர்ட். எல்லாம் யாருக்குப் பிள்ளை என்கிற விசாரணைதான்.

பிள்ளைக்கு யார் யார் என்று கேட்டது ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை. 1992-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. பெற்றோர் பிரிந்தாலும் இருவரோடும் உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை, குழந்தைக்குக் கேடு வராதவரை. அடி, உதை உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது என்று அர்த்தம். 2015-ல் சட்ட ஆணையம் 257-வது அறிக்கையில், இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ம் வருடச் சட்டமே சொல்கிறது. ஆனால், கேட்பது வேறு, தேர்ந்தெடுக்க வைப்பது வேறு. ‘உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?’ என்று விருந்துக்கு வந்த மாமா கேட்டால் பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவிடும். அதே கேள்வியைக் கறுப்பு கோட்டுகளுக்கு நடுவே கேட்டால் எங்கே ஓடும்? எந்தப் பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம். கேட்க வேண்டியது வேறு: எந்த ஸ்கூல், எந்த நண்பர்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வருது, எதுக்குப் பயம். முடிவின் பாரத்தைப் பெரியவர்கள் சுமக்கட்டும்.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த இழப்பை எந்தக் கோர்ட்டும் சரிசெய்ய முடியாது. உயிரோடு இருக்கிற அப்பாவையோ அம்மாவையோ வீம்புக்காகப் பிள்ளையிடமிருந்து பறிப்பதை நிறுத்த மட்டும் நம்மால் முடியும்.

தீபாவளி வருகிறது. ‘யார் வீட்டில் பட்டாசு வெடிக்கப்போறே?’ என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். முந்தின வாரமே நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.