திருத்தப்பட்ட சொல்லும் திருந்தாத கதையும்: ரோஆல்ட் டால்

வேல்சில் பிறந்த ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் ரோஆல்ட் டாலின் (1916–1990) நூல்களில் பஃபின் பதிப்பகம் 2023இல் செய்த சொல் மாற்றங்கள், மூலபாடத்தைச் சிதைத்த செயலாகவே பெரிதும் கண்டிக்கப்பட்டன. அம்மூலபாடமோ ஆசிரியர் கையாலேயே முன்பு மாறியது. 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' (1964) நாவலில் தொழிலாளர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பிக்மியர். நிறவாதம் என்ற கண்டனம் எழுந்தபின், 1973ஆம் ஆண்டுப் பதிப்பில் டால் அவர்களை வெண்ணிறத்தவராக்கினார். ஆயினும் கொக்கோ விதையைக் கூலியாகப் பெற்று, ஆலைக்குள்ளேயே வாழ்ந்து, புதுப் பண்டங்களின் சோதனைக்கும் உடலைத் தரும் அவர்களது நிலை மாறவில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வகையதே. அகஸ்டஸ் குளூப்பைச் சுட்டிய 'குண்டு' என்னும் சொல் நீங்கியது. பெருந்தீனிச் சிறுவன் குழாயில் உறிஞ்சப்படுவதை நகைப்பாக்கும் நிகழ்வு நீங்கவில்லை. (அதையும் நீக்கினால் டாலின் எழுத்தில் எஞ்சுவது சொற்பமே.)

தோட்டக் குடிலில் அமர்ந்து எழுதிய கனிவான கதைசொல்லி என்பது டாலின் பொதுப் பிம்பம். அவரது யூத வெறுப்புக் கூற்றுகளுக்காகக் குடும்பத்தார் 2020இல் மன்னிப்புக் கோரினர். 2021இல் உரிமை நிறுவனத்தை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. விலைமதிப்புமிக்க அப்பிம்பத்திற்குச் சொல்திருத்தம் பயன்படலாம். அதிகார உறவை ஆராயும் திறனாய்வுக்கு அது விடையாகாது. எதிர்ப்பு வலுத்தபோது பழைய பாடத்தையும் தனி வரிசையாக வெளியிடப் பஃபின் முன்வந்தது. இரு பாடங்களிலும் அத்தொழிலாளர் ஆலைக்குள்ளேயே உள்ளனர்.