தேசிங்கு வேஷம் கட்டும் தகுதி

தேசிங்கு கூத்தைப் பற்றி மலருக்கு எழுதித் தரும்படி மன்றத் தலைவர் ஐயா பணித்தார்கள். ஐம்பது வருஷமாக விடிய விடியக் கூத்துப் பார்த்த பெரியவர்கள் அமர்ந்திருக்கும் சபை இது. அவர்கள் அனுமதியோடு, என் வாத்தியாரிடம் கேட்டுக் கற்றதை மட்டும் எழுதுகிறேன். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி வரன்முறையெல்லாம் அங்கத்தினர் அறிந்தவையே. அதற்குள் நான் போகவில்லை.

புரிசை கண்ணப்பத் தம்பிரானை நினைத்துக் கைகூப்பாத கூத்துக்காரர் எந்தப் பாணியிலும் இல்லை. ஆயினும் புரிசையாருடைய பலம் பாரதம். தேசிங்கு என்று வந்தால், செஞ்சிக் கோட்டை நின்ற தென்னாற்காட்டு மண்ணுக்குத்தான் உரிமை அதிகம் என்பது என் துணிபு. நம் பக்கத்தில் இந்தக் கதை மூன்று வழியாக வந்திருக்கிறது: ஊர் ஊராகக் கதைப்பாட்டாகப் பாடியவர்கள் வழி, பெரிய எழுத்துப் புத்தகத்தைப் பாடம் பண்ணி ஆடிய நாடகச் செட்டுகளின் வழி, வாத்தியார் வாய்மொழியாகக் கொடுத்த கூத்து வழி. முதல் வழி அருகிவிட்டது. இரண்டாவதில் வசனம் கொழிக்கும், அடவு மெலியும். மூன்றாவது எங்கள் வழி.

நாம் தேசிங்கு என்று சொல்லும் சரித்திரத்துத் தேஜ் சிங் புந்தேலா ராஜபுத்திரன். அவன் தகப்பன் சொரூப் சிங் முகலாயர் கொடுத்த உரிமையில் செஞ்சியைக் காத்தவர். 1714இல் அவர் இறக்க, மகன் கோட்டைக்கு வந்தான். கப்பப் பாக்கியைக் கேட்டார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். இவன் கட்ட மறுத்தான். அதே ஆண்டு அக்டோபரில், சில நூறு குதிரைக்காரர்களை நம்பி, வெள்ளம் புரண்ட ஆற்றில் குதிரையை இறக்கி, ஆயிரக்கணக்கான படை மேல் பாய்ந்தான். குண்டு பட்டு விழுந்தான். சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. கதைப்பாட்டில் அவன் குண்டுக்குச் சாவதில்லை. வாளை மேலே எறிந்து தன் மார்பில் ஏந்திக்கொள்கிறான்.

அவன் வீரனா, அவசரக்காரனா? கூத்துக்கு உயிர் கொடுப்பதே இந்தக் கேள்விதான். சிங்கவரத்து ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் போருக்குப் போகாதே என்று சுவாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதைக் கண்டும் போகிறான். எங்கள் வாத்தியார் அந்த இடத்தில் பின்பாட்டை நிறுத்திவிடுவார். முகவீணை மட்டும் இழையும். தேசிங்கு சுவாமியைப் பார்த்து நிற்பான், பிறகு அடவு ஒரு காலில் மட்டும் தொடங்கும். கம்பீரமும் பிடிவாதமும் ஒரே உடம்பில் தெரிய வேண்டும் என்பார். டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரை பாராசாரியை அடக்கும் காட்சியிலும் அப்படியே. குதிரை என்று ஒரு பொருளும் மேடையில் இருக்காது. பிடித்த கடிவாளக் கையும் கிறிக்கியின் வேகமும்தான் குதிரை. அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், குதிரை மூச்சு வாங்குவதைக் கேட்டதாகவே சொல்வார்கள்.

தேசிங்கின் நண்பன் மகமத் கானுடைய கல்யாணக் கட்டத்துக்கு அவர் கொடுத்த இடம் இன்னும் பெரிது. நிக்காஹ் நடக்கும்போது ஓலை வருகிறது. மணக்கோலத்தோடு எழுந்து, நண்பனுக்காகப் போர்க்களம் போகிறான். தேசிங்கின் அவசரத்துக்கு விலை கொடுத்தவன் அவன். அந்தப் பாத்திரத்தைத் தன் முதல் சீடருக்கே வாத்தியார் தருவார். தேசிங்கு வேஷம் அடுத்தவருக்குத்தான்.

இப்படி ஒரு குதிரைப்படைத் தலைவனை வைத்துப் பிற நாட்டாரும் மல்லாடியிருக்கிறார்கள். 1876இல் செவ்விந்தியரிடம் தன் படையோடு மாண்ட அமெரிக்கன் கஸ்டரை, 1941இல் வந்த படம் மாவீரனாகவே காட்டியது. 1967இல் ராபர்ட் ஷா நடித்த படத்தில் அந்த மெருகு பூராவும் இல்லை. நம்மிடத்தில் 1960இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் வந்த ராஜா தேசிங்கு இருக்கிறது. சினிமாவின் நியாயம் வேறு. அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த நியாயத்தைக் கூத்துக் களத்துக்குக் கொண்டுவருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் பெயர் சொல்லவில்லை. இளைய தலைமுறையின் உழைப்பை மதிக்கிறேன். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, பேட்டா குறைவு என்பதும் தெரியும். என்றாலும் ரங்கநாதர் கட்டத்தையே வெட்டிவிட்டால் தேசிங்கு எதற்கு? கல்யாணக் கட்டம் நேரமாகிறது என்று போய்விட்டது. அந்த இடத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையை வாடகைக்குக் கொண்டுவந்து பாராசாரி என்கிறார்கள். முகவீணைக்குப் பதில் கீபோர்டு. புஜகீர்த்தி தெர்மாகோலில். கட்டியங்காரன் செல்போனைப் பார்த்து வசனம் சொல்கிறான், சபை கைதட்டுகிறது! விருத்தத்தை இழுத்துப் பாட மூச்சு இல்லாதவருக்கு மைக் மூச்சுக் கொடுக்கிறது. மூன்று மணி நேரத்தில் முடித்து வேனில் ஏறுகிறார்கள். நவாபை வெறும் அரக்கனாக்கிக் கத்துகிறார்கள். தேசிங்கு ஒரு பிழையும் செய்யாதவனாக நிற்கிறான். பிழை இல்லாத தேசிங்குக்காக எந்தத் தாய் அழுவாள்? செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோட்டையின் கல்லைக் காக்க உலகமே இருக்கிறது. கூத்தைக் காக்க இந்த மன்றத்தை விட்டால் யாரும் இல்லை என்று மனம் கொதிக்கிறது.

நம் நெய்வேலி நகரியம் எழுந்த காலத்தில் சுரங்க வேலைக்கு வந்தவர்களில் பலர் பண்ருட்டி, விருத்தாசலம், செஞ்சிப் பக்கத்தார். ரசனையையும் கூடவே கொண்டுவந்தார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரட்டும் என்று பத்து மணிக்கு மேல் களம் கட்டிய ஊர் இது. ஆகவே செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் தேசிங்குக்கு ஒரு முழு இரவு ஒதுக்க வேண்டும். செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, ரங்கநாதர் கட்டமும் மகமத் கான் கல்யாணமும் முகவீணையோடு நடக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்டாவை உயர்த்தித் தர வேண்டுமென்றால், என் பங்கை முதலில் தருகிறேன்.